துண்டு மடிக்கத் திணறிய இயந்திரம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் குடும்பங்களில் எழும் கேள்விகள் பல. அவற்றுள் இன்று முதலிடம் பெறுவது, "இப்படிப்பை முடித்து இவன் வெளிவருமுன் அவ்வேலையை இயந்திரமே செய்துவிடாதா?" என்பதே. பெற்றோரின் இவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும், எவ்வேலை இயந்திரத்தின் கைக்கு எளிதில் போகும் என்பதில் நாம் போடும் கணக்குப் பெரும்பாலும் பிழையாகிவிடுகின்றது.

மூளை வேலை மனிதனுக்கு, கை வேலை இயந்திரத்திற்கு என்றே நாம் எண்ணியிருந்தோம். நடந்ததோ வேறு. 1997ஆம் ஆண்டில் 'டீப் புளூ' என்னும் கணிப்பொறி, உலகச் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவை வென்றது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2010இல், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இயந்திர மனிதன் ஒன்றைக் குவியலிலிருந்து துண்டுகளை எடுத்து மடிக்கப் பழக்கினர். ஒரு துண்டுக்கு அதற்கு ஏறத்தாழ 25 நிமிடம் பிடித்தது! நம் வீட்டுச் சிறுமி அதை அரை நிமிடத்தில் முடித்துவிடுவாள்.

காரணம் யாது? சதுரங்கத்தில் கட்டங்கள் 64, விதிகள் மாறா. துணியோ எடுக்குந்தோறும் வேறு வடிவில் துவள்கின்றது. பெரியவர்க்குக் கடினமான கணக்கு கணிப்பொறிக்கு எளிது. ஒரு வயதுக் குழந்தைக்குக் கைவந்த பார்வையும் அசைவும் அதற்குக் கடினம் என்று ஹான்ஸ் மொராவெக் என்னும் அறிஞர் 1988இலேயே சுட்டிக்காட்டினார்.

எனவே, விதி மாறாத வேலைகளே முதலில் போயின. தொலைபேசி இணைப்பு கொடுத்தவர்களும் தட்டச்சர்களும் அவ்வாறு மறைந்தனர். 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்தபின் கடிதம் வரைதல், மொழிபெயர்த்தல், கணிப்பொறி நிரல் எழுதுதல் ஆகியவற்றிலும் இயந்திரம் புகுந்துவிட்டது. ஆனால், பழைய வீட்டின் சுவருக்குள் கசியும் குழாயைத் தேடிச் செப்பனிடுபவருக்கும், படுத்த படுக்கையாயுள்ள முதியவரை நோகாமல் புரட்டி உடல் துடைத்துவிடும் பெண்ணுக்கும் ஈடான இயந்திரம் இன்னும் வரவில்லை.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. இயந்திரத்தால் இயலாத வேலை என்பதனாலேயே அதற்குக் கூலி உயர்ந்துவிடுவதில்லை. நம் தாய் தந்தையரைப் பேணும் அப்பெண்ணுக்கு நாம் தருவது எவ்வளவு? குழாய் வேலை கற்க விரும்பும் மகனிடம் நாம் கூறும் மொழி யாது? எத்தொழில் நிலைக்கும் என்று வினவும் நாம், நிலைத்து நிற்கும் தொழிலைச் செய்வோரை எங்ஙனம் நடத்துகிறோம் என்பதையும் நம் இல்லங்களில் எண்ணிப் பார்ப்போமாக.