பூட்டு விழும் முன்பு சொல்லுங்கள்!

உழைத்துச் சேர்த்த காசிலே ஒரு வீடு. ஓலையை மாற்றி ஓடு போட்டு, ஓட்டை மாற்றித் தளம் போட்ட வீடு. எவரோ தொடுத்த வழக்கினால் அந்த வீட்டின்மீது ஜப்தி விழுகிறது. ஊர் ஏட்டிலே ஏறிவிட்டது. உரியவன் காதிலே மட்டும் ஏறவில்லை! மகள் திருமணத்துக்குக் கடன் கேட்கப் போகிறான். "வில்லங்கம் இருக்கிறதே" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இது நீதியா என்று கேட்கிறோம்.

அமெரிக்க நாட்டிலே இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கனெக்டிகட் மாநிலத்திலே ஓர் அடிதடி வழக்கு. எதிராளியின் வீட்டின்மீது 75,000 டாலருக்கு ஜப்தி உத்தரவு பெற்றார் வாதி. வழக்குக்கும் வீட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வாதியின் பிரமாண வாக்குமூலத்தைப் பார்த்தே உத்தரவு பிறந்தது. ஜப்தி முடிந்த பிறகே வீட்டுக்காரருக்கு அறிவிப்பு! அவர் வெளியேற்றப்படவில்லைதான். ஆயினும் விற்க முடியாது, புதுக் கடன் கிடைக்காது, இருக்கும் அடமானத்துக்கும் ஆபத்து. இதுவும் சொத்துப் பறிப்பே, முன்கூட்டி அறிவித்து விசாரிக்காமல், அவசரத் தேவையும் காட்டாமல் செய்தது தவறு என்று 1991இல் தீர்ப்பளித்தது நீதிமன்றம்.

அதற்கு வழி காட்டியது தொழிலாளியின் கூலி! விஸ்கான்சின் மாநிலத்திலே 420 டாலர் கடனுக்காக ஒரு பெண் தொழிலாளியின் சம்பளத்திலே பாதியை விசாரணைக்கு முன்பே முடக்கினர். செல்லாது என்றது அதே நீதிமன்றம், 1969இல்.

நம் நாட்டிலே நிலை என்ன? 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஜப்தியைத் தண்டோரா போட்டு அறிவிக்கலாம், சொத்திலே நகல் ஒட்ட வேண்டும் என்கிறது. தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டால், பிரதிவாதியிடம் காரணம் கேட்கச் சொல்கிறது. அதே மூச்சிலே நிபந்தனை ஜப்திக்கும் கதவு திறந்து வைக்கிறது! 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடமானச் சொத்தைக் கைப்பற்றும் முன் வங்கி 60 நாள் அறிவிப்புத் தர வேண்டும். ஆட்சேபித்தால் 15 நாளிலே காரணம் கூறிப் பதில் தர வேண்டும். விவசாய நிலத்தை அந்தச் சட்டத்தால் தொட முடியாது. கைப்பற்றியபின் 45 நாளுக்குள் தீர்ப்பாயத்திலே முறையிடலாம்.

ஏட்டிலே உரிமை இருக்கிறது. ஆனால் புரியாத மொழியிலே வந்த கடிதம் பரணிலே கிடந்தால், 60 நாளும் பறந்துவிடுமே! கடன் கொடுத்தவன் கேட்பதை நாம் குறை கூறவில்லை. சொல்லாமல் பூட்டுவதைத்தான் எதிர்க்கிறோம். அறிவிப்பு தமிழிலே வரட்டும், உரியவன் கையிலே சேரட்டும் என்பதே நம் கோரிக்கை.

தோழர்களே! படிப்பகந்தோறும் வாரம் ஒரு மாலை ஒதுக்குங்கள். வில்லங்கச் சான்று வாங்கும் வழியைச் சொல்லிக் கொடுங்கள். நீதிமன்றக் கடிதமோ வங்கிக் கடிதமோ வந்தால், படித்துக் காட்டி நாளை எண்ணச் சொல்லுங்கள். பூட்டு விழுந்தபின் புலம்பிப் பயனில்லை!