சக்கர வீட்டில் ஒரு துணை



மேல்நாட்டவர் சிலர் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வண்டியில், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, சிற்றூர் சிற்றூராகச் சுற்றிவருவதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அவர்கள் ஓய்வுக்காகச் செய்வதைப் பிழைப்புக்காகச் செய்வோர் நம் வாசலிலேயே இருக்கின்றனர். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையாய் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்து, வழி மறைக்கிறதே என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த வண்டிகளுக்குள்ளேதான் மனிதர் சமைத்து உண்டு உறங்குகின்றனர்.

என் மாணவன் ஒருவனின் தந்தை அத்தகைய ஓட்டுநர். நெல்லூரில் எனக்கு ஓர் அலுவல் இருந்தபோது, "பஸ் எதற்கு ஹஜ்ரத், என் வண்டியிலேயே வாருங்கள்" என்றார். ஏறிக்கொண்டேன். இருக்கைக்குப் பின்னே ஓர் ஆள் கால் நீட்டும் அளவில் படுக்கை; அதன் கீழ் சிறு அடுப்பு, அரிசி டப்பா, பாயில் சுருட்டிய தொழுகை விரிப்பு. ஜன்னலோரம் தண்ணீர்க் கேன். கிளீனர் அமரும் இடம் காலியாக இருந்தது. அதில்தான் நான் அமர்ந்தேன்.

கும்மிடிப்பூண்டி, தடா, சூலூர்ப்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர் என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்க் கடந்தன. எந்த ஊரில் நிழலுள்ள மரம் உண்டு, எங்கே கடைக்காரர் குளிக்க நீர் தருவார், எங்கே இரவில் டீசல் களவு போகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த ஊர்களின் பெருமைகளை நான் கேட்டபோது சிரித்தார். சாலையோரம் தவிர எதையும் அவர் கண்டதில்லை.

நாயுடுபேட்டையை அடுத்து வண்டியை ஓரங்கட்டினார். கேன் நீரில் ஒளூச் செய்து, ளுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்களாகச் சுருக்கி, ஷாஃபிஈ மத்ஹபின்படி சேர்த்துத் தொழுதோம். (ஹனஃபி சகோதரர்கள் பயணத்தில் சுருக்குவர், ஆனால் ஹஜ்ஜில் அன்றி இவ்வாறு சேர்ப்பதில்லை. இது பற்றிக் கடிதம் எழுதிவிடாதீர்கள்!) ஸலாம் கொடுத்ததும் அவர் கண்கள் டீசல் டேங்கின் பக்கம் சென்றன. பிறகு, "இன்றைக்குத்தான் ஹஜ்ரத், வழியில் ஜமாஅத்தாகத் தொழுதேன்" என்றார்.

முன்பு அவருடன் ஒரு கிளீனர் இருந்தாராம். மாற்று மதத்துத் தம்பி. இவர் தொழும்போதெல்லாம் வண்டிக்குக் காவல் நிற்பாராம். நோன்பு நாட்களில் ஸஹருக்கு எழுப்பிவிடுவதும் அவரேயாம். வாடகை கட்டவில்லை, இரண்டாம் ஆளுக்குப் பேட்டா கொடுக்க இயலாது என்று உரிமையாளர் நிறுத்திவிட்டார். இது அந்த ஒருவரின் கருமித்தனம் என்று தள்ளிவிட முடியவில்லை. தேசியப் பெர்மிட் பெற்ற சரக்கு வண்டிகளில் இரு ஓட்டுநர்கள் வேண்டும் என்று முன்பிருந்த விதியையே மத்திய அரசு 2018இல் நீக்கிவிட்டது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என வரையறுத்தது. தனியொருவன் ஓட்டும் வண்டியில் அந்தக் கணக்கை யார் பார்ப்பது? 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது, நல்லதே. துணையை மட்டும் எந்த விதியும் திருப்பித் தரவில்லை.

இரவில் தனித்துப் பயணம் செய்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அக்காலத்தில் பாலைவனமும் கள்வரும் இருந்தனர் என்று அதனை நாம் எளிதாக விளக்கிவிடுகிறோம். கூடூருக்கு அப்பால் அவர் இருமுறை கண்ணயர்ந்ததை நான் பார்த்தேன். பேச்சுக் கொடுத்தவாறே சென்றேன். நான் இல்லாத இரவுகளில் அவரிடம் யார் பேசுவார்?

திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்தேன். எங்கள் மஹல்லாவில் இஷாவுக்குப் பின் பள்ளிவாசலின் ஹவுளும் கழிப்பறையும் பூட்டப்பட்டு வந்தன. பொருள் களவு போகிறது என்பது காரணம். அது பொய்யும் அன்று. நிர்வாகிகளுடன் மூன்று வாரம் பேசியதில், சாலைப் பக்கம் ஒரு குழாயும் ஒரு கழிப்பறையும் இரவு முழுவதும் திறந்திருக்க இசைந்தனர். விளக்குக்கும் வாளிக்கும் ஆகும் செலவை இரண்டு வீட்டார் ஏற்றுக்கொண்டனர். முதல் இரவில் பதினொரு பேர் வந்ததாக மோதினார் சொன்னார். அவர்களில் நால்வர் சேர்ந்து தஹஜ்ஜுத் வேளை வரை பேசிக்கொண்டிருந்தார்களாம்.