வெயில் தின்னும் கிலோமீட்டர்



சித்திரை பிறந்தால் குடியாத்தத்தில் இரண்டு பேச்சுதான்: கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வெயில். மின்சாரக் கார் வாங்கிச் சில வருஷம் ஆனவர்கள் மூன்றாவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: "முன்ன மாதிரி சார்ஜ் நிக்கல சார்."

உண்மைதான். லித்தியம் பேட்டரி ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் தேயும். சூடு ஏற ஏற, உள்ளே நடக்கும் தேய்மானமும் வேகம் பிடிக்கும். பச்சைத் தோலை உப்பிடாமல் வைத்தால் வெயில் என்ன செய்யும் என்று ஆம்பூர், பேரணாம்பட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரிக்கும் அதே பகைதான். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்முடையது.

நமக்கு முன்பே இதைப் பட்டறிந்தவர்கள் அமெரிக்காவின் அரிசோனாக்காரர்கள். 2010 கடைசியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. 2012 கோடையில், பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைவதை அங்கே பலர் கவனித்தார்கள். புலம்பலோடு விடாமல் ஓட்டி, அளந்து, கணக்கைக் காட்டினார்கள். பிறகுதான் கொள்ளளவு குறைந்தாலும் 5 ஆண்டு அல்லது 60,000 மைல் வரை பொறுப்பேற்பதாக நிறுவனம் இறங்கி வந்தது. இன்று நம் ஊரில் ஓடும் கார்கள் பலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கும் வசதி உண்டு. அதனால் பதற வேண்டாம். ஆனால் அளக்க வேண்டும்.

திரையில் தெரியும் கிலோமீட்டரை வைத்து அளக்காதீர்கள். நீங்கள் கடைசியாக ஓட்டிய வேகத்தையும் ஏசி இழுத்த மின்சாரத்தையும் பார்த்து வண்டி போடும் உத்தேசக் கணக்கு அது. மே மாதம் அது இறங்கத்தான் செய்யும், பேட்டரி நன்றாக இருந்தாலும். அதைவிட, வருஷத்துக்கு ஒருமுறை, அதே மாதம், விடிகாலையில், டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டு, பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலை ஏறி ஒரே வேகத்தில் போய் வாருங்கள். 100 சதவீதத்திலிருந்து 20 வரை எத்தனை கிலோமீட்டர் என்று குறித்து வைத்தால் போதும். காற்றைப் பார்க்காமல் பேட்டரியைக் குறை சொல்பவர்களே அதிகம்!

முழு சார்ஜில் நாள் முழுக்க உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துவது எல்லா பேட்டரிக்கும் பொருந்தாது. சிலவற்றை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். உங்கள் வண்டிக் கையேடு சொல்வதே சரி.

டாடா நெக்ஸான் மின்சாரக் கார் 2020 ஜனவரியில் வந்தது. அப்போது பேட்டரிக்குத் தந்த உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். முதலில் வாங்கியவர்களுக்கு அது 2028இல் முடிகிறது. கையில் கணக்கு இல்லாமல் சர்வீஸ் சென்டரில் போய் நின்று பயனில்லை.

ஐந்து வருஷம் தாண்டிய வண்டி உங்களிடம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்: என்ன வண்டி, அன்று எவ்வளவு ஓடியது, இன்று எவ்வளவு, பகலில் எங்கே நிறுத்துகிறீர்கள். வந்த கணக்குகளை ஒன்றாகச் சேர்த்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்