செராம்பூர் பட்டம் எந்த மொழியில் பேச வேண்டும்?

தமிழ்நாட்டின் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் ஆயர்கள் பலருடைய பெயருக்குப் பின்னால் பி.டி. என்ற இறையியல் பட்டத்தின் எழுத்துகளைப் பார்க்கலாம். அவர்கள் படித்தது மதுரையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். ஆனால் பட்டம் வந்தது கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள செராம்பூரிலிருந்து. இந்தியாவில் பட்டம் வழங்கும் அதிகாரத்தை முதலில் பெற்ற கல்லூரி அது. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857-இல் பிறப்பதற்கு 30 ஆண்டுகள் முன்பே அந்த அதிகாரம் அதன் கையில் இருந்தது. இத்தனை பழைமையான நிறுவனத்தை ஆயர்களைத் தயாரிக்கும் தேர்வு வாரியமாக மட்டுமே இன்று நாம் அறிந்திருப்பது வருத்தத்துக்குரியது. அதைத் தொடங்கியவர்கள் மனத்தில் இருந்தது அதைவிடப் பெரிய திட்டம்.

அந்தக் கதையில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. செராம்பூர் அப்போது டென்மார்க்கின் கையில் இருந்த ஊர். 1706-இல் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியும் அதே அரசின் குடியேற்றம்தான். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை அனுமதிக்க மறுத்த காலத்தில், ஜோசுவா மார்ஷ்மேனும் வில்லியம் வார்டும் 1799-இல் செராம்பூரில் அடைக்கலம் புகுந்தார்கள். 1800 ஜனவரியில் வில்லியம் கேரியும் அங்கே வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் கேரி, நெசவாளியின் மகன் மார்ஷ்மேன், அச்சுக்கூடத்தில் தொழில் கற்றவர் வார்டு. மூவரில் எவரும் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் இல்லை.

1818-இல் அவர்கள் வெளியிட்ட கல்லூரித் திட்டத்தைப் படிக்கும்போது வியப்புதான் மிஞ்சுகிறது. ஆசிய இளைஞர்களுக்கு, கிறிஸ்தவர், பிறர் என்ற பிரிவின்றி, கீழ்த்திசை இலக்கியமும் ஐரோப்பிய அறிவியலும் கற்பிப்பதே அதன் நோக்கம். சமஸ்கிருதம் பாடத்திட்டத்தின் நடுவில் நின்றது. ஆங்கிலம் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும். அறிவியலை மக்களின் மொழியிலேயே சொல்ல முடியும் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஜான் மேக், 1834-இல் அந்தப் பாடத்தை வங்காளியில் நூலாகவே கொண்டுவந்தார். கேரி தாவரவியலில் ஆழ்ந்தவர். தாவரவியலாளர் ராக்ஸ்பரோவின் இந்தியத் தாவரங்கள் பற்றிய பெருநூலைப் பதிப்பித்தவர் அவரே. ‘சமாச்சார் தர்ப்பண்’ என்ற வங்காளி வார இதழ் கல்லூரி தொடங்கிய அதே 1818-இல் செராம்பூர் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. கல்லூரி, அச்சகம், செய்தித்தாள், கேரியின் தாவரத் தோட்டம் எல்லாம் ஒரே முயற்சியின் கைகளாக இயங்கின.

இந்த முயற்சிக்குப் பின்னால் மதமாற்ற ஆசை இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை, அவர்களும் மறைக்கவில்லை. அறிவு பரவினால் மக்கள் கிறிஸ்துவிடம் வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை மாணவன் தலையில் நிபந்தனையாகச் சுமத்தவில்லை. 1827 பிப்ரவரியில் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடெரிக், கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களுக்கு உள்ள உரிமைகளைச் செராம்பூருக்கும் தந்து சாசனம் வழங்கினார். 1833-இல் வகுக்கப்பட்ட கல்லூரி விதிகள், சாதியோ நிறமோ நாடோ எவரது சேர்க்கைக்கும் தடையாகாது என்றன. கல்லூரித் தலைவரும் நிர்வாகிகளும் கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர்களாக இருக்க வேண்டும். மாணவரிடம் அது கேட்கப்படவில்லை. தமிழகத்துக் கிராமங்களில் திண்ணைப் பள்ளியே சாதி பார்த்து நடந்த காலம் அது என்பதை நினைத்தால் சாதி தடையாகாது என்ற வரியின் எடை புரியும்.

பிறகு ஏன் இது நிலைக்கவில்லை? ஒரு காரணம் பணம். 1830-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் வணிக நிறுவனங்கள் அடுத்தடுத்துத் திவாலானபோது செராம்பூரின் சேமிப்பும் கரைந்தது. வார்டு 1823-இல், கேரி 1834-இல், மார்ஷ்மேன் 1837-இல் மறைந்தார்கள். ஆனால் என் பார்வையில் ஆழமான காரணம் மொழி. 1830-இல் கல்கத்தாவில் மிஷனரி அலெக்சாண்டர் டஃப் ஆங்கிலவழிப் பள்ளியைத் திறந்தார். மேல்குடிப் பிள்ளைகள் அங்கே திரண்டார்கள். 1835-இல் கல்விக் கொள்கை பற்றிய மெக்காலேயின் குறிப்பு அரசின் பணத்தையும் ஆங்கிலத்தின் பக்கம் திருப்பியது. வேலை ஆங்கிலத்தில் கிடைத்தது. வங்காளியில் வேதியியல் கற்பித்த கல்லூரி காலத்துக்கு ஒவ்வாததாகத் தோன்றத் தொடங்கியது. மொழிப் போட்டியில் தோற்றதால் செராம்பூரின் கருத்து தவறு என்று ஆகிவிடாது. இந்தியக் கல்வி அன்று எடுத்த திருப்பத்தின் விளைவை இன்றைக்கும் நம் வகுப்பறைகள் சுமக்கின்றன.

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்றது. விற்பனை ஒப்பந்தத்தில் கல்லூரியின் சாசன உரிமை காப்பாற்றப்பட்டது. உரிமை இருந்ததே தவிர, பயன்படவில்லை. 1857-இல் கல்லூரி கல்கத்தா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1883-இல் கலைப் படிப்புகளை நிறுத்திவிட்டுக் கிறிஸ்தவ ஊழியர் பயிற்சிக்கு ஒதுங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லூரி முதல்வர் ஜார்ஜ் ஹோவெல்ஸ் அதை மீட்டெழுப்பினார். சாசனத்தின் பேரில் முதல் இறையியல் பட்டங்கள் 1915-இல்தான் வழங்கப்பட்டன. மன்னர் கையெழுத்திட்டு 88 ஆண்டுகள் கழித்து. வங்காளச் சட்டமன்றம் 1918-இல் இயற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டம் பல திருச்சபைகளும் இடம்பெறும், இறையியல் பட்டங்களைக் கவனிக்கும் செனட்டுக்கு வழி வகுத்தது.

அப்போது உருவான பிளவு இன்றும் தொடர்கிறது. அதே வளாகத்தில் கலை, அறிவியல், வணிகவியல் படிப்பவர் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டம் பெறுகிறார். இறையியல் படிப்பவர் செராம்பூர் பட்டம் பெறுகிறார். வேதியியலையும் வேதத்தையும் ஒன்றாக நினைத்த கல்லூரியில் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டன.

செனட்டின் கீழ் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இறையியல் கல்லூரிகள் இயங்குகின்றன. பி.டிஎச். (இறையியல் இளங்கலை), பி.டி., எம்.டிஎச். (இறையியல் முதுகலை), முனைவர் பட்டம் என்று படிகள் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் கிறிஸ்தவக் கல்வி பயிலப் பொதுமக்களுக்கும் தனிப் படிப்புகள் இருக்கின்றன. வெளியில் பலர் நினைப்பதுபோல் பி.டி. வெறும் பிரசங்கப் பயிற்சி அல்ல. எபிரேயம், கிரேக்கம், திருச்சபை வரலாறு, அறவியல், ஆற்றுப்படுத்தல், சமூகப் பகுப்பாய்வு எல்லாம் அதில் உண்டு. இந்து, இஸ்லாம், பௌத்தம் உள்ளிட்ட பிற சமயங்களையும் படித்தாக வேண்டும். தன் நம்பிக்கைக்கு வெளியே உள்ள சமயங்களைப் பாடமாகக் கற்றுத் தேர்வெழுதும் மாணவர்கள் இந்திய உயர்கல்வியில் வேறெங்கும் இத்தனை பேர் இருப்பார்களா என்பது சந்தேகமே.

இந்த ஏட்டுப் பாடத்திட்டத்துக்கு உயிர் கொடுத்தவை இணைப்புக் கல்லூரிகள். மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தமிழிலேயே இறையியல் கற்பிப்பதைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. மாணவர்களைக் குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் தங்கிப் படிக்க அனுப்பியது. அங்கே ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் அமைத்தார். தலித் மக்களின் இசைக்குப் பீடத்தருகே இடம் கிடைத்தது. சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் 1980-களில் தலித் இறையியலை ஒரு கல்வித் துறையாக நிறுத்தினார். சபை மக்களில் பெரும்பான்மையோர் தலித்துகளாக இருந்தும் அவர்கள் பட்ட பாடு இறையியலில் ஒரு வரியாகக்கூட இல்லையே என்ற கேள்வியிலிருந்து எழுந்தது அது. இலங்கையில் பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இறையியல் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறது. போர் நடந்த நாட்டில் இரு மொழி மாணவர்களும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து படிப்பது சிறிய காரியமல்ல.

கேரியின் உண்மையான வாரிசுகள் இவர்கள்தான் என்பேன். ஆனால் செராம்பூர் ஏணியில் மேலே ஏற ஏறத் தாய்மொழி கழன்றுபோகிறது. பி.டிஎச். வட்டார மொழிகளில் நடக்கிறது. பி.டி. பெரும்பாலான கல்லூரிகளில் ஆங்கிலத்தில். முதுகலையும் முனைவர் பட்டமும் ஏறக்குறைய முழுவதுமாக ஆங்கிலத்தில். தமிழில் வேதம் வாசித்து, தமிழில் பிரசங்கித்து, தமிழில் சாவு வீட்டில் ஆறுதல் சொல்லப் போகிற ஒருவர், தன் ஆழ்ந்த சிந்தனையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி நூலகத்தில் வைத்துவிட்டுச் சபைக்குத் திரும்புகிறார். அந்த ஆய்வேடு யாரைப் பற்றியதோ அவர்கள் அதை வாசிக்கவே போவதில்லை.

பல மொழி பேசும் நாட்டில் தரத்தைச் சமமாக வைக்கப் பொது மொழி வேண்டும், மேற்கோள் நூல்கள் ஆங்கிலத்தில்தான் உள்ளன என்று பதில் வரும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வட்டார மொழி விடைத்தாளைத் திருத்தும் ஏற்பாடு பி.டிஎச். அளவில் ஏற்கெனவே செனட்டிடம் இருக்கிறது. நூல்கள் இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. கேரி செராம்பூரில் வங்காளியில் உழைத்த அதே ஆண்டுகளில் தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் கிறிஸ்தவ நம்பிக்கையோடு வானவியலையும் புவியியலையும் சேர்த்துப் பாடினார். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ காப்பிய மரபில் நின்று கிறிஸ்தவத்தைப் பேசியது. தமிழில் இறையியல் சிந்தனை நடந்திருக்கிறது. அதைக் கலைச்சொல்லாகவும் ஆய்வு முறையாகவும் வளர்க்கும் வேலைதான் பல்கலைக்கழகத்தின் வேலை.

இன்னொரு குறை தனிமை. 1857 பல்கலைக்கழகங்கள் லண்டனைப் பின்பற்றி இறையியலை வெளியே நிறுத்தின. அதனால் இறையியல் கல்லூரிகள் தங்கள் மதிலுக்குள் தாங்களே பேசிக்கொள்ளப் பழகிவிட்டன. தமிழகத்தில் இதை மாற்ற வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கும் வைணவத்துக்கும் சமணவியலுக்கும் கிறிஸ்தவ ஆய்வுக்கும் துறைகள் உள்ளன. சைவ சித்தாந்தம் பயிலும் ஒருவர் அரசரடியில் ஒரு பருவம் கிரேக்கம் கற்கவும், அரசரடி மாணவர் ஒருவர் அந்தத் துறையில் சிவஞான போதத்தை ஆசிரியரிடமிருந்து நேரில் கேட்கவும் ஏற்பாடு செய்யலாம். அந்தப் பாடங்களுக்கான மதிப்பெண்ணை இரு பக்கமும் ஏற்க வேண்டும். செனட் முதலில் செய்யக்கூடியது இன்னும் எளிது: எம்.டிஎச்., முனைவர் ஆய்வேடுகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுதவும், அந்த மொழியிலேயே வாய்மொழித் தேர்வை எதிர்கொள்ளவும் எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுமதி அளித்து ஓர் ஆணை பிறப்பிப்பது. மேற்பார்வையிடத் தகுதியான ஆசிரியர்கள் அரசரடியிலும் குருகுலிலும் இப்போதே இருக்கிறார்கள்.