முதுகலைப் படியில் அறுபடும் ஏணி: கொல்லிமலை மாணவர்களும் உதவித்தொகைகளும்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் மலை உழவர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் மிகப்பெரிய பிரிவினரும் இவர்களே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பழங்குடியினரின் எழுத்தறிவோ 54 விழுக்காடுதான். இந்நிலையிலிருந்து ஒரு மாணவி பட்டம் பெற்று முதுகலையின் வாயிலில் வந்து நிற்பது சிறிய செய்தியன்று. அங்கே அரசு அவருக்கு எதைத் தருகிறது என்பதே நாம் எழுப்பும் வினா.

அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் அளிக்கின்றன. இவை இளநிலைப் பட்டம், பட்டயம், தொழிற்பயிற்சி ஆகியவற்றுடன் நின்றுவிடுகின்றன. மறுமுனையில், பழங்குடி ஆய்வு மாணவர்களுக்கான தேசிய நல்கை ஆண்டுக்கு 750 பேருக்கு உண்டு. அதனைப் பெற முதுகலை முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கல்விக்கான தேசிய உதவித்தொகையில் நாடு முழுவதுமுள்ள பழங்குடியினருக்கு 20 இடங்களே உள்ளன.

இடையிலுள்ள முதுகலை ஆண்டுகளைத் தாங்குவது பெரும்பாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஒன்றே. அதன் வருமான வரம்பு பத்தாண்டுகளுக்கும் மேலாக 2.5 லட்சம் ரூபாயிலேயே நிற்கிறது. அரசு அலுவலக உதவியாளர் ஒருவரின் ஆண்டு ஊதியமே இன்று அதனைக் கடந்துவிடும். கல்லூரிகள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கட்டணம் கேட்கின்றன. உதவித்தொகை பெரும்பாலும் காலம் கடந்தே வங்கிக் கணக்கை அடைகிறது. அந்த இடைவெளியை வட்டிக்கடன் நிரப்புகிறது, அல்லது படிப்பு நின்றுபோகிறது.

மலையில் வாழ்வோருக்குச் சுமை மேலும் கூடுகிறது. பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு இறங்கித்தான் அந்த அலுவலகத்தை அடைய முடியும். பெரியார் பல்கலைக்கழகம் சேலத்தில் இருப்பதால், அங்குப் பயில்வதற்கு விடுதிச் செலவும் தவிர்க்க இயலாதது.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா சென்றபோது, பரோடா மன்னரின் உதவித்தொகை மூன்றாண்டுகளுக்கு உறுதிசெய்யப்பட்டிருந்தது. எவ்வளவு, எத்தனை காலம் என்பதை அறிந்தே அவர் கப்பலேறினார். இன்றோ அந்த உறுதியே இல்லை. 2025–26ஆம் ஆண்டுக்கு வெளிநாட்டு உதவித்தொகைக்குத் தேர்வான பட்டியல் சாதி உள்ளிட்ட பிரிவு மாணவர்கள் 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதங்கள் வழங்கப்பட்டன. எஞ்சிய 66 பேருக்கு நிதி இருந்தால் வழங்கப்படும் என ஒன்றிய அரசு கூறியது. தகுதியை மெய்ப்பித்த பின்னரும் காத்திருக்கச் சொல்வது உரிமையைச் சலுகையாகச் சுருக்குவதாகும்.

நாம் கோருபவை நான்கு. முதலாவது, மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்களை முதுகலைக்கும் நீட்டிக்க வேண்டும். இரண்டாவது, போஸ்ட் மெட்ரிக் வருமான வரம்பை உயர்த்த வேண்டும். மூன்றாவது, உதவித்தொகை வரும்வரை பழங்குடி மாணவரிடம் எந்தக் கல்லூரியும் கட்டணம் கேட்கலாகாது. நான்காவது, கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் செம்மேட்டுக்கே வந்து முகாம் நடத்திச் சான்றிதழ் வழங்க வேண்டும். இவற்றுள் கடைசிக் கோரிக்கைக்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் வரும் சேர்க்கைக் காலத்திலேயே இதனை நிறைவேற்றலாம்.