கேமரா யாரோட விரலைப் பாக்கணும்?

ரோலிங் ஸ்டோன்ஸ் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதுமே, "கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு எதுக்குய்யா இந்த வேலை"ன்னு ஒரு பின்னூட்டம் வரும்னு தெரியும். கும்மி அடிக்கறவங்க அடிங்க. ஆனா முழுசா படிச்சுட்டு அடிங்க.

மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த 'ஷைன் எ லைட்' (2008) படத்தைப் போன வாரம் மறுபடி பாத்தேன். 2006ல நியூயார்க் பீக்கன் தியேட்டர்ல நடந்த ரெண்டு நாள் கச்சேரிதான் மொத்தப் படமும். 1962ல ஆரம்பிச்ச குழு. படம் எடுத்தப்போ மிக் ஜாகருக்கு 63 வயசு, டிரம்மர் சார்லி வாட்ஸுக்கு 65. பாட்டு புரியலைன்னாலும் பரவால்லைங்க, பாக்கறதுக்குன்னே எடுத்த படம் இது.

என்னை ரொம்பப் பிடிச்சு உலுக்கினது ஜாகரோட ஆட்டம் இல்லை. ஒரு பாட்டு முடிஞ்சதும் சார்லி வாட்ஸ் கேமராவைப் பாத்து 'உஸ்ஸ்'னு ஒரு பெருமூச்சு விடுவார். அவ்வளவுதான். ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு சிப்காட் கேட்டுக்கு வெளிய வர்ற ஆளோட மூச்சு அது. உலகப் புகழ் எல்லாம் அந்தப் பக்கம், உடம்பு நோகுற வேலை இந்தப் பக்கம். அந்த ஒரு நொடியை கேமரா விடலை பாருங்க.

இன்னொரு இடம். சிகாகோ ப்ளூஸ்காரர் பட்டி கை வந்து கூடப் பாடுவார். கேமரா அவர் முகத்துல போய் உக்காந்துடும், நகராது. பாட்டு முடிஞ்சதும் கீத் ரிச்சர்ட்ஸ் தன் கிடாரையே கழட்டி அவர்கிட்ட குடுத்துடுவார். யார்கிட்ட கத்துக்கிட்டோம்ங்கறதை மேடையிலேயே ஒத்துக்கற பெருந்தன்மை அது.

இப்ப நம்ம கதைக்கு வருவோம்.

நம்ம டிவியில பழைய பாடகர்களுக்கு விழா எடுக்கறாங்க இல்லையா? கேமரா எங்க இருக்கும்? முன்வரிசை வி.ஐ.பி. கண்ணைத் துடைக்கறதுல இருக்கும். வயலின் சோலோ வர்ற நேரத்துல தொகுப்பாளினியோட சிரிப்பைக் காட்டுவாங்க. தபேலாக்காரர் விரலை நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க, யோசிச்சுச் சொல்லுங்க. எம்.எஸ்.வி. 2015ல போயிட்டார், டி.எம்.எஸ். 2013ல. ஒலிப்பதிவு நிறையவே இருக்கு. ஆனா மேடையில அவங்க வேலை செஞ்ச விதம்? தேடிப் பாருங்க, ஆதங்கம்தான் மிஞ்சும்.

அவங்களாவது பெரிய ஆளுங்க. எங்க ஏரியா ஆர்கெஸ்ட்ராக்காரங்க நிலைமையைச் சொல்றேன். கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம்னு ஆடி மாசம் கூழ் ஊத்துற ஊர்ல எல்லாம் விடிய விடியப் பாட்டுக் கச்சேரி நடக்கும். இப்ப நிறைய இடத்துல மைனஸ் டிராக்கைப் போட்டுட்டு ரெண்டு பேர் பாடிட்டுப் போயிடறாங்க.

எங்க ஷிப்ட்ல ஃபிட்டர் அண்ணன் ஒருத்தர் இருந்தார். பகல்ல ஸ்பேனர், ராத்திரி பேங்கோஸ், இப்படியே முப்பது வருஷம். அவர் தவறினப்போ அவர் வாசிக்கற வீடியோ ஏதாவது இருக்கான்னு வீட்டுல தேடினாங்க. ஒரு கல்யாண சிடி கிடைச்சது. அதுல பாடகருக்குப் பின்னாடி அவர் முழங்கை மட்டும் தெரியுது. முப்பது வருஷ வாசிப்புக்கு மிச்சம் ஒரு முழங்கை.

"அவனுங்களுக்கு ஸ்கார்செஸி இருக்கார், காசு இருக்கு"ன்னு சொல்வீங்க. வாஸ்தவம். ஆனா காசு மட்டுமா குறை? இன்னிக்கு எல்லார் கையிலயும் போன் இருக்கு, அத்தனை போனும் பாடகி பக்கமே திரும்பி நிக்குது. கவனம்தான் குறை.

"அறுபதுக்கு மேல இந்த ஆட்டம் தேவையா"ன்னு கேக்கறவங்களுக்கும் ஒரு தகவல். ஜாகரும் நம்ம இளையராஜாவும் ஒரே வருஷம், 1943ல பொறந்தவங்க. ரெண்டு பேருமே அறுபதுகள்ல மேடையில வளந்தவங்க. ஒருத்தர் லண்டன் கிளப்புல, இன்னொருத்தர் அண்ணன் பாவலர் வரதராஜனோட கட்சிக் கூட்ட மேடையில. ஸ்டோன்ஸ் 2023ல புது ஆல்பம் போட்டாங்க. ராஜா 2025 மார்ச்ல, 81 வயசுல, லண்டன்ல தன் சிம்பொனியை அரங்கேத்தினார். வயசை ஃபேக்டரி கேட்ல பாக்கட்டும், மேடையில என்னத்துக்கு?

சார்லி வாட்ஸ் 2021ல இறந்துட்டார். அந்தப் பெருமூச்சு இருக்கு.

அதனால பதிவுலக மக்களே, அடுத்த திருவிழாவுல மேடைக்குப் பக்கவாட்டுல போய் நில்லுங்க. கீபோர்டுக்காரர் கை, ட்ரிபிள் பேங்கோஸ்காரர் விரல், ஒரு பாட்டு முழுசா, அசையாம எடுங்க. எடுத்துட்டு அவர் பேரைக் கேட்டு எழுதி வைங்க. காப்பியை அவருக்கும் அனுப்புங்க.

நான் இந்த ஆடியிலேர்ந்து ஆரம்பிக்கறேன். கும்மி அடிக்க வர்றவங்க போனையும் எடுத்துட்டு வாங்க.