இவனுக்கு எதற்கு ஓட்டு?

மந்தாரக்குப்பத்துக் கடைத்தெருவிலாகட்டும், நெய்வேலி நகரியத்துக் குடியிருப்புகளிலாகட்டும், பூத் சிலிப் கொடுக்க வருகிறவர் அறிவுசார் குறைபாடுடைய வாலிபன் ஒருவனின் பெயரைப் பட்டியலில் கண்டு, "இவனுக்கு எதற்கம்மா ஓட்டு?" என்று இரக்கத்தோடு வினவினால், தாயாரும் அதை நியாயமென்றே ஏற்றுச் சிலிப்பை மடித்து வைத்துவிடுவது எவர் மனத்தையும் உறுத்துவதில்லை.

சட்டமோ அவ்வளவு கடுமையானதன்று. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், மனநிலையைப் பொறுத்தமட்டில், சித்த சுவாதீனமற்றவர் என்று தகுதி வாய்ந்த நீதிமன்றம் பிரகடனம் செய்தவரை மட்டுமே விலக்குகிறது. டாக்டரின் சான்றிதழோ, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் கண்ட குறைபாட்டுச் சதவீதமோ, அண்டை வீட்டாரின் அபிப்பிராயமோ அதற்கு ஈடாகா. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் பெற்ற பெற்றோரும் பிள்ளையின் வாக்கு பறிபோயிற்றென்று அஞ்ச வேண்டியதில்லை, அக்குழு நீதிமன்றமன்று.

கொள்கை விளங்காதவன் எவ்விதம் வாக்களிப்பான் என்னும் ஆட்சேபம் பழையது. சொத்தும் வரியும் எழுத்தறிவும் பார்த்து வாக்குரிமை வழங்கிய 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் பின்னே நின்றதும் அதுவே. எழுத்தறியாதோர் பெரும்பான்மையாயிருந்த இந்நாட்டில் 1951-52 பொதுத் தேர்தலை நடத்தியவர்கள், வாக்காளரைப் பரீட்சிக்கப் புகாமல், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டியை வைத்து, முறையையே அவர்களுக்கு இசைய அமைத்தார்கள். (பணம் வாங்கி வாக்களிக்கும் பண்டிதர்களின் சித்த சுவாதீனத்தைச் சோதிக்க இன்றுவரை எந்த அதிகாரியும் முன்வரவில்லை.)

அந்தத் தாராளம் இப்போது வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் பார்வையற்றோருக்கும் உடற்குறையுடையோருக்குமே துணையாளரை அனுமதிக்கின்றன. அறிவுசார் குறைபாட்டை அவை பெயர் சொல்லிக் குறிக்காமையால், தாயை உடன் விடுவதும் தடுப்பதும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் மனப்போக்கைப் பொறுத்ததாகிறது. தாய் தன் விருப்பத்தையே மகன் விரலால் அழுத்திவிடுவாள் என்னும் அச்சம் பொய்யன்று; ஆயினும் ஒருவர் ஒரு வாக்காளருக்கே துணை செல்லலாம், இரகசியம் காப்பதாக உறுதியளிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு வகுத்த நிபந்தனைகள் இங்கும் பொருந்துபவையே.

வாக்களிப்பதோடு நில்லாமல், மன்றத்தில் அமரவும் இவர்களுக்கு வழி வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழக அரசு 2025-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. டவுன் நோய்க்குறியுடைய மார் கால்செரான் 2023-இல் ஸ்பெயின் நாட்டு வாலென்சியா மாநிலப் பேரவையில் உறுப்பினரானார். ஆகவே நம் பேரூராட்சிகளில் நியமனம் நடைபெறுகையில், சிறப்புப் பள்ளியில் பயின்றவரின் விண்ணப்பமும் ஏனையவற்றோடு பரிசீலிக்கப்பட வேண்டும். அவர் தேர்வானால், தீர்மானங்களை எளிய தமிழில் எடுத்துரைக்கும் துணையாளர் ஒருவருக்கான ஊதியத்தையும் மன்றமே ஏற்க வேண்டும்.